சொல்லாமல் வந்த விருந்தாளிகள்

அத்தியாயம் 12

காலை ஆறு நாற்பதுக்கு ஆக்ஸிலியாவின் செல்போன் அடித்தது. பழநி அடிவாரத்திலிருந்து தம்பி டெனிஸ். பேசினான் என்று சொல்வதைவிட மூச்சுவிட்டான் என்று சொல்லலாம்.

"அக்கா, மொதலாளி வர்றாரு. குடும்பத்தோட. நாந்தான் கார் ஓட்டுறேன். டீ குடிக்க நிப்பாட்டியிருக்கு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. வெரசா ஏதாச்சும் பண்ணு."

அவ்வளவுதான். இணைப்பு அறுந்துபோயிற்று.

ஆக்ஸிலியா அடுப்படியில் நின்றிருந்தாள். பிள்ளைகளுக்கான கஞ்சி பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டெனிஸின் முதலாளி சுவாமிநாதனை அந்த மலையில் தெரியாதவர்கள் குறைவு. ஒட்டன்சத்திரம் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். ஒன்பது வருடமாக வியாழக்கிழமை தவறாமல் அவருடைய மண்டி வேன் மலையேறி வந்து, பேத்துப்பாறைக்கு மேலே ஆக்ஸிலியா பதினோரு வருடமாக நடத்தும் எலிசபெத் இல்லத்தின் வாசலில் முட்டைக்கோஸும் முருங்கையும் தக்காளியும் இறக்கிவிட்டுப் போகும். பெற்றவர்கள் விட்டுப்போன பதினேழு பிள்ளைகளும், கட்டியவனோ காதலித்தவனோ விட்டுப்போன ஐந்து கர்ப்பிணிகளும் அந்தக் காய்கறியில்தான் சாப்பிட்டார்கள். அந்த வேனை ஓட்டி வருகிறவன் டெனிஸ். முதல் மூட்டையை முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கி வந்தவனும் அவனேதான்.

அந்த ஐந்து பேரில் ஸ்டெல்லா என்ற பெயரில் இருந்தவள், சுவாமிநாதனின் ஒரே மகள் ஜோதிமணி.

இது ஆக்ஸிலியாவுக்கும் டெனிஸுக்கும் மட்டுமே தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால், தன் அப்பாவின் வேனிலேயே, காலி சாக்குகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு அவள் மலையேறி வந்தாள். இருபத்திரண்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம். அவள் கட்டிக்கொள்ள இருந்த சிவமுருகன் அதே மண்டியில் எடை போடுகிற ஆள், வேறு சாதி. ஒரு நாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அவன் வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஏன் என்று ஒட்டன்சத்திரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஜோதிமணிக்குத் தெரிந்த ஒரே கதவு எலிசபெத் இல்லத்தின் கதவு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் பிறந்தநாளுக்கெல்லாம் அப்பா இங்கேதான் கூட்டி வருவார். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவள் கையால் கேக் கொடுப்பாள். அந்த வரிசையில் ஒரு நாள் தானும் உட்காருவோம் என்று நினைக்கவில்லை என்று, வந்த அன்று ஆக்ஸிலியாவிடம் சொல்லி அழுதாள்.

இப்போது எட்டு மாதம் முடியப் போகிறது.

அடிவாரத்திலிருந்து இங்கே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். ஆக்ஸிலியா அடுப்பை அணைத்தாள்.

ஜோதிமணியை எழுப்பியபோது அந்தப் பெண் ஒன்றுமே கேட்கவில்லை. ஆக்ஸிலியாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள். வயிறு இடித்ததில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஆக்ஸிலியா குனிந்து மாட்டிவிட்டாள்.

பின்பக்கத்துக் கேரட் தோட்டத்து வழியாக இறங்கினால் கந்தம்மாள் வீடு. கந்தம்மாள் காட்டு வேலைக்குப் போகிறவள். இல்லத்துக்கு விறகு பொறுக்கிக் கொண்டுவந்து போடுவாள். ஆக்ஸிலியா அவளிடம் முழுதாக எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம்வரை இந்தப் பெண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றாள். கந்தம்மாள் சரியென்று கதவை அகலமாகத் திறந்துவிட்டு, இன்று தான் வேலைக்குப் போகவில்லை என்றாள்.

திரும்பி வந்து திண்டுக்கல்லில் இருக்கும் வக்கீலம்மாவுக்கு போன் போட்டாள். அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெண் மேஜர், தன் விருப்பத்தில் இருக்கிறாள், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது, சட்டம் நம் பக்கம்தான் என்றார். அதை ஆக்ஸிலியாவும் அறிவாள். சட்டம் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு வெள்ளைக் கார் வாசலில் நின்றது.

சுவாமிநாதன் முதலில் இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. பின்னால் அவர் மனைவி வள்ளி. அப்புறம் மகன் ராஜமுருகன்; இருபத்தெட்டு வயது, மண்டியை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். டெனிஸ் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. அக்காவைப் பார்க்கவும் இல்லை.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் டீச்சர்" என்றார் சுவாமிநாதன். "புள்ளைகளுக்கு ஒரு வேள சாப்பாடு போட்டு நாளாச்சு."

மலையில் எல்லோருக்கும் டீச்சரான ஆக்ஸிலியா அவர்களை முன்னறைக்கு அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்ததும் சுவாமிநாதன் நின்றுவிட்டார்.

நாலு நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. முக்காலியின் மேல் விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கும் டம்ளர்கள், துடைத்து, கவிழ்த்து.

அவற்றை எடுத்து வைத்தது ஆக்ஸிலியாவின் கைதான். பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், விருந்தாளி வருகிறார்கள் என்றால் எப்போதும் செய்வதைக் கை தானாகச் செய்திருக்கிறது.

"நாங்க வர்றது தெரியுமா டீச்சர்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பெருமாள்மலைப் பங்குச் சாமியார் வருவதாக இருந்தது, அவருக்காக எடுத்து வைத்தேன் என்றாள். சுவாமிநாதன் தலையாட்டினார். அவருடைய தோளுக்குப் பின்னால் ராஜமுருகன் அந்த டம்ளர்களை எண்ணுவதை அவள் பார்த்தாள். நாலு. பிறகு அவன் திரும்பி, காரில் உட்கார்ந்திருந்த டெனிஸைப் பார்த்தான்.

காபி கொடுத்தாள். விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். தக்காளி விழுந்துவிட்டது, முருங்கை ஏறிவிட்டது. ராஜமுருகன் காபியைத் தொடவில்லை. காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனான்.

ஜன்னல் வழியே கீழே சாலை தெரிந்தது. பீன்ஸ் கூடையோடு நாலைந்து பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ராஜமுருகன் அவர்களை நிறுத்தினான். பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினான்.

ஆக்ஸிலியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண்கள் எல்லோருக்கும் ஜோதிமணியைத் தெரியும். மூன்று மாதமாக அவள் அந்தச் சாலையில்தான் சாயங்காலம் நடக்கிறாள். நர்ஸ் வரும் நாளில் அவர்களோடுதான் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவர்களிடம் ஆக்ஸிலியா எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

முதல் பெண் படத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். இல்லை. இரண்டாமவள் கூடையை இறக்கி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இல்லை. மூன்றாமவள், நான்காமவள். ராஜமுருகன் அங்கிருந்து டீக்கடைக்குப் போனான். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவரும் கையை விரித்தார்.

யாராவது ஒருத்தர் ஆமாம் என்றால் போதும். ஒரு வெகுளி போதும்.

அவன் திரும்பி வந்து முன்வாசலில் நுழையவில்லை. பக்கவாட்டில் போனான். பெண்கள் இருக்கும் பகுதிக்கு விருந்தாளிகள் யாரும் போவதில்லை. ஒன்பது வருடத்தில் சுவாமிநாதன் ஒருமுறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆக்ஸிலியா எழுந்தாள். "அவன் சின்னப்பய, பாத்துட்டு வந்துருவான், உக்காருங்க" என்றார் சுவாமிநாதன். அவள் உட்காரவில்லை. வராந்தாவுக்கு ஓடினாள்.

ராஜமுருகன் ஒவ்வொரு அறையாகத் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். உள்ளேயிருந்த நாலு பெண்களும் முந்தானையால் முகத்தை மறைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஆக்ஸிலியா குறுக்கே போய், இங்கே வரக் கூடாது தம்பி என்றாள். அவன் மரியாதையாகச் சரிங்க என்றான். திரும்பினான். வராந்தாவின் கோடியில் இல்லத்துச் சிறுமி பெர்லின் உட்கார்ந்து சுவரில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரிய பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். பெர்லினுக்கு ஐந்து வயது. ராத்திரியில் ஸ்டெல்லா அக்காவின் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறவள்.

ராஜமுருகன் அவள் முன்னால் குந்தினான். சட்டைப் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தான். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இந்த அக்காவ பாத்திருக்கியாடா தங்கம்?"

ஆக்ஸிலியா கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பெர்லின் படத்தை நிதானமாகப் பார்த்தாள். சாக்லேட்டின் தாளைப் பிரித்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரியாது அங்கிள்" என்றாள். மறுபடியும் சுவரில் கிறுக்கத் தொடங்கினாள்.

ஆக்ஸிலியாவுக்கு மூச்சு வந்தது. அதற்கு அடுத்த நொடியே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல இந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது? யாரும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வயதில் பழநி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கிடைத்தவள். போலீஸ், டாக்டர், அதிகாரி என்று எத்தனை பேர் எதிரில் குந்தி எத்தனை படம் காட்டி யாரைத் தெரியுமா என்று கேட்டிருப்பார்கள். தெரியும் என்று சொல்லி ஒன்றும் நடந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு மேல் சுவாமிநாதன் ஆக்ஸிலியாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தோட்டத்துப் பக்கம் அழைத்தார். அங்கே பேரிக்காய் மரத்தடியில் நின்று முதன்முறையாக அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், உண்மையில் மூன்று மாதமாக அவளைக் காணவில்லை என்றும் சொன்னார். மதுரை, திருப்பூர், கரூர் எல்லாம் ஆள் விட்டுத் தேடியாயிற்று. போலீசில் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எழுதிக்கொடுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும். மலையில் இந்த மாதிரி இல்லங்கள் எத்தனையோ இருக்கின்றன. தான் போய்க் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

"நீங்க கேட்டா சொல்லுவாங்க தங்கச்சி. இந்த மலையில ஒங்க வார்த்தைக்கு இருக்கற மதிப்பு எங்காசுக்குக் கெடையாது."

அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கயாச்சும் இருக்கான்னு தெரிஞ்சா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எம்மவன் ராஜாவுக்குத் தெரிய வேணாம். அவன் கோவக்காரன். நான் எம்புள்ளய தூரத்துல இருந்து ஒரு தடவ பாத்தாப் போதும்."

அவர் கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஆக்ஸிலியாவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒன்பது வருடம். மழையில் ரோடு அடைத்த வாரத்தில்கூட, சுற்றுப்பாதையில் வத்தலக்குண்டு வழியாகக் காய்கறி அனுப்பியவர். பால்பண்ணைக்காரரை, பேக்கரிக்காரரை, கம்பளி கொடுக்கும் ஹோட்டல்காரரை, இலவசமாக வந்து பார்க்கும் டாக்டரை எல்லாம் இந்த இல்லத்துக்கு அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் ஒரே வாரத்தில் நின்றுபோகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் அவளை அசைத்தது அந்தக் கணக்கு இல்லை. பெற்றவரின் கண்ணீர்.

விசாரித்துப் பார்க்கிறேன் அண்ணே என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சமையலறையில் வள்ளி இலை துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆக்ஸிலியா உள்ளே வந்ததும் வாசலைப் பார்த்தாள். இலையைத் துடைக்கும் கை நிற்கவில்லை.

"அழுதாரா?" என்று கேட்டாள்.

ஆக்ஸிலியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கார்ல வரும்போது நாலு தடவ சொல்லிப் பாத்தாரு டீச்சர். எந்த எடத்துல கண்ணு கலங்கணும்னு ராஜாதான் சொல்லிக் குடுத்தான்."

பேரிக்காய் மரத்தடியில் நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை ஆக்ஸிலியா நினைத்தாள்.

வள்ளி அடுத்த இலையை எடுத்தாள். பெண் எங்கே என்று கேட்கவில்லை. இங்கே இருக்கிறாளா என்றும் கேட்கவில்லை. சொல்ல வந்ததை மட்டும் சொன்னாள்.

"நான் அவள பெத்தப்ப ரத்தம் நிக்கல. நாலு பாட்டில் ஏத்துனாங்க. எங்கம்மா அதுலதான் போச்சு. இது எங்க வழியில வர்றது. அவ எங்க இருந்தாலும் சரி, வீட்டுல வச்சு மட்டும் பாக்கக் கூடாது டீச்சர். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

இதுவும் சொல்லிக்கொடுத்து அனுப்பியதாக இருக்குமோ என்று ஆக்ஸிலியாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைக் கலக்கியது. ஒரு காலை நேரத்துக்குள் யாரையும் நம்ப முடியாதவளாகிவிட்டாள். வள்ளியின் கையைப் பார்த்தாள். இலை நுனி நுனியாகக் கிழிந்திருந்தது. அந்தக் கை நடிக்கவில்லை.

நிலைமை முற்றினால் கந்தம்மாள் வீட்டிலேயே நர்ஸை வைத்துப் பிரசவம் பார்த்துவிடலாம் என்று ஆக்ஸிலியா மனசின் மூலையில் ஒரு யோசனை வைத்திருந்தாள். அந்தக் கதவும் இப்போது மூடிக்கொண்டது; இனி முன்பே பேசி வைத்திருந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

"அந்த டாக்டரம்மா நல்லவங்க" என்றாள் ஆக்ஸிலியா. யார், எங்கே என்று சொல்லவில்லை. வள்ளி தலையை ஒருமுறை அசைத்தாள்.

இல்லத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ராஜமுருகன் வெளியே டெனிஸோடு நின்று பேசினான். தன் போனில் சிக்னல் இல்லை என்று டெனிஸின் போனை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துபோனான். யாரோடும் பேசியதாகத் தெரியவில்லை. திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். டெனிஸின் தோளில் தட்டினான்.

இரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. டெனிஸ் ஸ்டியரிங்கில். இந்த முறை அக்காவை ஒருமுறை பார்த்தான். ஒன்பது வயதில் அம்மா செத்த அன்று அவன் அப்படித்தான் பார்த்தான். அன்றிலிருந்து அவனை வளர்த்தது ஆக்ஸிலியாதான். அதற்காகவே கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி, கடைசியில் வேண்டாமென்று விட்டவள். இப்போது அவனுக்கு பாலசமுத்திரத்தில் வீடு, மனைவி பாண்டிச்செல்வி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். வீட்டுக்கு இடம் காட்டியதும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்கிக் கொடுத்ததும் சுவாமிநாதன்.

கார் வளைவில் மறைந்ததும் அவள் கேரட் தோட்டத்து வழியாக ஓடினாள்.

கந்தம்மாள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே யாரும் இல்லை. கட்டிலில் ஜோதிமணியின் சால்வைகூட இல்லை.

எங்கே என்று கேட்டாள். கந்தம்மாள் பூண்டுத் தோலை ஊதினாள். அந்தப் பையன் போனை நீட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தான், அதனால் இடம் மாற்றிவிட்டோம் என்றாள். எந்த வீடு என்று ஆக்ஸிலியா மறுபடியும் கேட்டாள்.

"ஒங்களுக்கும் சொல்ல மாட்டோம் டீச்சரு. தெரிஞ்சாத்தான வாயில வரும். நல்லா இருக்கா, சோறு தின்னா, படுத்திருக்கா. போங்க."

ஆக்ஸிலியா அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருடமாக எல்லோரிடமும் ரகசியம் காத்தவளுக்கு இன்று தன் பொறுப்பில் இருக்கும் பெண் எங்கே என்று தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, தலையிலிருந்த சுமையை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்டது போலவும் இருந்தது. அந்த ஊரில் அவள் துணைக்குப் போகாத பிரசவம் இல்லை. அதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர்கள் நினைத்து வைத்திருந்தார்கள்.

நாலே கால் மணிக்கு, ஆக்ஸிலியா மறுபடியும் கந்தம்மாள் வாசலுக்கு வந்திருந்தபோது, பாண்டிச்செல்வி போன் செய்தாள்.

"மதினி, அவரு அங்க இருக்காரா?"

ஏன் கேட்கிறாய் என்றாள் ஆக்ஸிலியா.

"கார ராஜா தம்பிதான் ஓட்டிட்டு வந்தாரு. இவரு போன எங்கைல குடுத்துட்டு, அக்கா வீட்ல ஏதோ சோலின்னு அங்கயே நின்னுட்டான்னு சொல்லிட்டுப் போறாரு. அங்கதான இருக்காரு மதினி?"

தன் கண்ணெதிரே டெனிஸ் காரை ஓட்டிக்கொண்டு போனதை ஆக்ஸிலியா எப்படிச் சொல்வாள். பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொள், யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லி போனை வைத்தாள். கந்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பூண்டை முறத்தோடு தள்ளிவிட்டு எழுந்தாள்.

கால் மணி நேரத்தில் மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டும் ஜெரால்டு முன் வண்டியில் இருந்தான். காலையில் படத்தைப் பார்த்து இல்லை என்று சொன்ன பெண்களில் இருவர், கையில் கயிறும் போர்வையுமாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பழநிச் சாலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஜெரால்டு வண்டியை மெதுவாக்கி, தடுப்புச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். பனி ஏறிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலியா வாய்க்குள், மாதாவை நோக்கிச் சொல்லும் அருள் நிறை மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆறாவது வளைவில் மலைவாழை விற்கும் ஒரு பெண் இருந்தாள். வெள்ளைக் கார் நின்றது உண்மைதான் என்றாள். ஒரு பெரியவர், ஒரு சின்னவர், ஓட்டுகிற ஆள் மூவரும் இறங்கிக் கீழே நடந்தார்களாம். காருக்குள் ஒரு அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்ததாம்.

"எறங்குனது மூணு பேரு. ஏறுனது ரெண்டு பேருதான். மூணாவது ஆளு குறுக்கு வழியில போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்."

எல்லோரும் இறங்கினார்கள். கயிற்றை மரத்தில் கட்டி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். ஆக்ஸிலியாவை வேண்டாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை.

டெனிஸ் ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இருந்தது. ஒரு கண் முழுதாக மூடி வீங்கியிருந்தது. இடது கை தோளிலிருந்து தொங்கியது. ஜெரால்டு அவன் வாயில் தண்ணீர் ஊற்றினான். பெண்கள் போர்வையைச் சுற்றினார்கள்.

ஆக்ஸிலியா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எம்போன பாத்துட்டான்க்கா. காலைல ஒனக்குப் பண்ணுனது இருந்துச்சு."

பரவாயில்லை, பேசாதே என்றாள். அவன் கேட்கவில்லை.

"ஜோதிமணிப் பாப்பா எங்கன்னு அவங்க கேக்கவே இல்லக்கா. அது அவங்களுக்கு வேண்டியதில்ல. பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரின்னுதான் கேட்டாங்க."

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரம்மா என்பதெல்லாம் ஆக்ஸிலியாவும் டெனிஸும் சேர்ந்து முடிவுசெய்தது. வலி வந்தால் வேனில் கொண்டுபோக வேண்டியவன் அவன்தான்.

"நீ என்ன சொன்ன டெனிஸ்?"

அவன் மேலே சாலையைப் பார்த்தான். பனிக்குள் ஜீப்புகளின் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்து ரத்தத்தோடு கலந்தது.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குக்கா" என்றான்.